யார் வீட்டுக் கிளி

மந்தைவெளி மேற்கு வட்டச் சாலைக்கு 2023 மார்ச்சில் டி.எம். சௌந்தரராஜன் பெயரைச் சூட்டினார்கள். அவர் பல ஆண்டுகள் குடியிருந்த பேட்டை அது. பலகை புதிதாக நின்ற நாட்களில் அந்தப் பக்கம் போனவர்கள் எம்.ஜி.ஆருக்கோ சிவாஜிக்கோ அவர் பாடிய ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தாண்டியிருப்பார்கள். எனக்கு வந்தது, அவரும் பாடினார் என்பதே பலருக்கு உறைக்காத ஒரு பாட்டு: 'அன்னக்கிளி'யின் தலைப்புப் பாட்டு.

அது ஜானகி பாட்டல்லவா என்பீர்கள். ஜானகி பாட்டுதான். ஆனால் அதே படத்தில் அதே மெட்டில் ஆண் குரலும் உண்டு. இசைத்தட்டிலும் இரண்டும் இருந்தன. தன் மறுபாடலைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் அந்தக் காதல் பாட்டு வெளியே வந்தது. ஒரு பாட்டு நன்றாக ஓடிய பிறகு நாலு பேர் எடுத்துப் பாடுவதுதான் வழக்கம். இங்கே படம் திரைக்கு வந்த 1976 மே 14 அன்றே அது இரண்டாகத்தான் இருந்தது.

படத்தைப் பற்றித் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர். செல்வராஜின் கதை, பஞ்சு அருணாசலத்தின் திரைக்கதையும் பாட்டுகளும், தேவராஜ் – மோகன் இரட்டையர் இயக்கம், சுஜாதாவும் சிவகுமாரும். நீலகிரி அடிவாரத்துத் தெங்குமரஹாடாவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். இளையராஜாவுக்கு முதல் படம். முதல் நாள் ஒலிப்பதிவில் கரண்ட் போன கதையை எல்லோரும் எல்லா மேடையிலும் சொல்லியாகிவிட்டது. என் பங்குக்கு வேண்டாம்.

ஜானகி பாடியதையும் சௌந்தரராஜன் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் விசித்திரமான ஒன்று புலப்படும். ஜானகியின் குரல் யாரும் கேட்கிறார்களா என்ற கவலை இல்லாமல் தனக்குள் தொடங்குகிறது. வார்த்தை வருவதற்கு முன்பே ஏக்கம் வந்துவிடுகிறது. சௌந்தரராஜனிடம் அந்த மெட்டு போனதும் அதற்கு உடம்பு பெருத்துவிடுகிறது. இருபது வருஷம் கதாநாயகர்களுக்காக நெஞ்சை நிமிர்த்திப் பாடிய குரல், தோப்புக்குள் நின்று ஏங்கச் சொன்னாலும் கடைசி வரிசை ரசிகனுக்கும் கேட்கும்படிதான் ஏங்கும். அவருக்கு இந்த வகைப் பாட்டு புதிதல்ல. 1957இல் 'முதலாளி' படத்துக்காக கா.மு. ஷெரீப் எழுத, கே.வி. மகாதேவன் இசையில் ஏரிக்கரையில் போகிறவளை நிற்கச் சொல்லி அவர் பாடியது, தமிழ் சினிமா கிராமத்துக் காதலுக்குக் கொடுத்த நல்ல மெட்டுகளில் ஒன்று. ஆனால் அந்தப் பாட்டில் ஒரு பாடகர் கிராமத்தானாக நடிக்கிறார் என்பது நமக்குத் தெரியும், தெரிந்தே ரசித்தோம். 1976இல் ஜானகியின் குரலில் அந்த நடிப்பு காணாமல் போனது. அதனால்தான் அதே மெட்டைப் பழைய முறையில் பாடிய பெரியவர் மறதிக்குள் போனார். எனக்கு அவருடையதும் பிடிக்கும். தோற்றுப்போன வடிவம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

நடிப்பு காணாமல் போனது என்று எழுதிவிட்டேன். அது எப்படிப்பட்ட நடிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். ஜானகி ஆந்திரத்துக் குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. அதே படத்தில் பாடிய சுசீலாவும் தெலுங்கர். ஒன்பது வருஷம் கழித்து 'பாடறியேன்' பாடி தேசிய விருது வாங்கிய சித்ரா மலையாளி. தமிழ்நாட்டு வயல்வரப்பின் பெண் குரல் என்று தமிழர்கள் நெஞ்சில் வைத்திருப்பது பெரும்பாலும் வேற்றுமொழியில் பிறந்து, கோடம்பாக்கத்தில் மைக்குக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெண்களின் குரல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 'அசல் மண்வாசனை' என்று பேச ஆரம்பிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சரி, மண்ணில் என்ன இருந்தது?

நடவிலும் களையெடுப்பிலும் ஏற்றத்திலும் வண்டிப்பாதையிலும் பாடப்பட்ட காதல் பாட்டுகளின் எலும்புக்கூடு எளிமையானது. நாலைந்து சுரங்களுக்குள் சுற்றி வரும் மெட்டு. இரண்டிரண்டு அடிகளாகப் போகும் பேச்சு. ஆண் ஏதாவது தருவதாகச் சொல்வான்: பூ, வளையல், சேலை, சில்லறை. பெண் வேண்டாம் என்பாள், அல்லது அவன் தருவதாகச் சொன்னதைவிடப் பெரியதாக ஒன்றைக் கேட்டு மடக்குவாள். பாடுகிறவர்களுக்குத் தெரிந்த புதுப்பொருள் எதுவானாலும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். ரயில் வந்ததும் ரயில் ஏறியது. ஆட்கள் கண்டிக்கும் கொழும்புக்கும் தோட்டவேலைக்குப் போனதும் கண்டியும் கொழும்பும் காதலின் தூரங்கள் ஆயின. மெட்டு நிற்கும், சொல் போய்க்கொண்டே இருக்கும். நேற்றுப் பாடிய அடியை இன்று அப்படியே பாட வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அங்கே 'நான்' என்பது தெருத் திண்ணை மாதிரி. வந்தவர் உட்கார்ந்து எழுந்து போகலாம், பட்டா கேட்க மாட்டார்கள்.

இந்தப் பெயரின்மை பாமரர் பழக்கம் மட்டும் அல்ல. அகப்பாட்டில் காதலர்களைப் பெயர் சொல்லிச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே போட்டிருக்கிறது. புறத்தில் அரசனைப் பெயர் சொல்லிப் பாடலாம், பரிசும் வாங்கலாம். காதலில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். குறுந்தொகையில் சில பாட்டுகளுக்கு எழுதியவர் பெயரே தொலைந்துபோக, பாட்டிலிருந்து ஒரு சொல்லைக் கிள்ளி அதையே ஆளின் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் எல்லாரும் அப்படித்தான். பாட்டு தன்னைப் பெற்றவருக்குப் பெயர் வைத்தது. இன்றைக்குச் சட்டம் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்.

அச்சு வந்த பிறகு பெயர்கள் வந்தன. பாடியவர்களின் பெயர்கள் அல்ல. சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றிச் சென்னையில் ஆங்கிலப் புத்தகம் போட்டார். அதில் அவர் பெயர் இருக்கிறது. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்த பாட்டுகளை கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் 1958இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. உ.வே.சா.வின் மாணவர், மயிலாப்பூர் 'கலைமகள்' ஆசிரியர், பழம்பாடல்களில் ஊறியவர். களையெடுப்பவளின் அடிகளுக்கு அவர் காட்டிய மரியாதை உண்மையானது. என் அலமாரியில் நான் அடிக்கடி எடுக்கும் புத்தகங்களில் அது ஒன்று. நா. வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளில் பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் இருக்கும். மார்க்சியர் என்பதால் உழைத்தவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற நியாயம் அவருக்கு இருந்தது. கேட்டு எழுதி அனுப்பிய பள்ளி ஆசிரியருக்கும் தோழருக்கும் பெயர் கிடைத்தது. வாய் திறந்து பாடியவள் மட்டும் அங்கேயும் ஒரு வட்டாரமாகவே நின்றாள்.

அதே காலத்தில் சினிமா கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அந்த மலிவுத் தாளில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாரும் பெயரோடு இருப்பார்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களும் பாட்டுக்கு முன்னால் பெயர்களை ஒன்று விடாமல் அழுத்திச் சொல்வார்கள். 'அன்னக்கிளி' பாட்டுகளைத் தமிழகத்துத் தெருக்களில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. தெரிந்த மெட்டு மாதிரி ஒன்று, அதற்கு முன்னால் தெரியாத ஒரு பெயர்: இளையராஜா.

பண்ணைப்புரத்திலிருந்து 1968இல் சென்னைக்கு வந்தவர். அதற்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். அந்த மேடைகளின் இலக்கணமும் களத்துமேட்டு இலக்கணம்தான்: கூட்டத்துக்குத் தெரிந்த மெட்டை எடு, கட்சிக்கு வேண்டிய சொல்லைப் போடு. சினிமா மெட்டு, தெம்மாங்கு மெட்டு என்ற பேதம் இல்லை. தேர்தல் நாளைக்கு என்றால் காப்புரிமையைப் பற்றி யார் யோசிப்பது? அந்தப் பழக்கத்தோடு வந்தவர் மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்க உட்கார்ந்தார். லஸ்ஸைச் சுற்றிய அந்தச் சில தெருக்களில் அப்போது நடந்ததை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒரு வீட்டில் பாட்டு வாத்தியார் வர்ணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். கலைமகள் ஆசிரியர் தெம்மாங்குக்கு முன்னுரை எழுதிய பேட்டை. அங்கேயே ஒரு விடுதி அறையில், தெம்மாங்கைத் தாயின் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவர் ஐந்து கோடுகளின் மேல் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முன்னுரையும் புள்ளியும் சந்தித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

புள்ளி வைத்தது முக்கியமானது. எழுதப்பட்ட பிறகுதான் ஒரு பாட்டுக்கு 'இதுதான் அது' என்ற நிலை வருகிறது. வயலில் பாடிய பாட்டுக்கு ஓரடி கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. 'அன்னக்கிளி'யில் புல்லாங்குழல் எங்கே நுழைய வேண்டும், எந்த இடத்தில் பின்னணி ஒதுங்கிக் குரலைத் தனியே விட வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கு ஒரு குழந்தை டிவி போட்டியில் அதைப் பாடும்போது நடுவர், அந்த இடத்தில் ஜானகியம்மா கொடுத்த சங்கதி வரவில்லை என்று சொல்ல முடிகிறது. வயலில் பாடுகிறவளைப் பார்த்து இப்படி ஒரு குறை சொல்லவே முடியாது. எதை வைத்துச் சொல்வது?

மறுபாடல் என்ற தொழிலுக்கும் இதுதான் ஆரம்பம். கேசட் காலத்தில் தி. நகரில், பாண்டி பஜார் பக்கமும் உஸ்மான் சாலைப் பக்கமும், பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிஷ நாடாவில் பாட்டுகளைப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. பட்டியலில் கேட்ட பாட்டு அகப்படாவிட்டால் வேறு யாரோ பாடியதைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள், வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். அன்றைய காப்புரிமைச் சட்டம், ஒரு பாட்டு வெளியாகி இரண்டு வருஷம் ஆனால் குறைந்த ராயல்டியைக் கட்டிவிட்டு வேறு குரலில் பதிந்து விற்கலாம் என்று வழிவிட்டிருந்தது. வடக்கே டி-சீரிஸ் அந்த ஒற்றைச் சந்துக்குள் புகுந்து ஒரு சாம்ராஜ்யமே கட்டியது. 2012 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்னாலேயே கட்ட வேண்டும். எலியட்ஸ் கடற்கரையில் மாலையில் கிட்டாரோடு உட்காரும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் செல்போனில் பதிந்து, 'அன்னக்கிளி'யைப் பாதி வேகத்தில், மூச்சுக்காற்று கேட்கும்படி பாடி ஏற்றிவிடுகிறார்கள். இப்போதைய மோஸ்தர் அது: எல்லாக் காதல் பாட்டையும் தூக்க மாத்திரை வேகத்துக்குக் கொண்டுவருவது. ஏக்கத்தை மெதுவாகப் பாடினால் ஏக்கம் கூடிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நடவுப் பாட்டு வேகமாகத்தான் போகும். கை ஓட வேண்டுமே.

இதற்கு இன்னொரு முனையும் இருக்கிறது. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளக்காரர்கள் எத்தனையோ காலமாகச் சினிமாப் பாட்டைத்தான் அதிகம் வாசிக்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் நாதசுரத்தில் 'அன்னக்கிளி'யின் 'மச்சானைப் பாத்தீங்களா' எழும்போது, கிராமத்திலிருந்து ஏவி.எம். வழியாகக் கிராமத்துக்கு அந்த மெட்டின் ஜாதி திரும்பிப் போகிறது. ஐம்பது வருஷத்தில் அந்தப் பாட்டே நாட்டுப்பாட்டாகிவிட்டது. நாட்டுப்புறக் கலைக்குழு என்று பலகை போட்டுக்கொண்டு நகரத்துக்கு வருகிறவர்களும் நடுவில் அதைப் பாடுகிறார்கள். எழுதியவர் யாரென்று தெரியாமலே பாடுகிறவர்களும் அவர்களில் உண்டு. நாட்டுப்பாட்டின் சாயலில் செய்யப்பட்டது, நாட்டுப்பாட்டாகவே ஆயுளை நீட்டித்துக்கொண்டது. இதை வீழ்ச்சி என்று எழுதும் ஆய்வாளர்களைப் படித்திருக்கிறேன். வாய்மொழி மரபு என்பது வேறெப்படி இயங்கும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ தெரியவில்லை.

சபாக்களின் கதை வேறு. 1985இல் கே. பாலசந்தர் 'சிந்து பைரவி' எடுத்தார். தெலுங்கு கீர்த்தனைகளில் மூழ்கிய ஜே.கே.பி. என்ற வித்வானின் கச்சேரியில் ஒரு பெண் எழுந்து, கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். பாடிக் காட்டு என்கிறார் வித்வான். அவள் பாடும் 'பாடறியேன்' படிக்காதவளின் பாட்டு. நாட்டுப்புற நடையில் தொடங்கி, தியாகராஜரின் ஒரு கீர்த்தனைக்குள் போய்ச் சேருகிறது. காம்போதியில் பாடப்பட்டுவந்த அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதிக்கு மாற்றியிருந்தார். கொஞ்ச நாள் மயிலாப்பூர் கொதித்தது, பிறகு ரசித்தது. அந்தக் காட்சியை இன்றைக்கும் கைதட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நெருடல் உண்டு. கீர்த்தனையில் போய் முடிந்ததால்தானே மேடை அவளுக்குக் கைதட்டியது? வெறும் தெம்மாங்காகவே நின்றிருந்தால் வித்வான் தலையைச் சாய்த்திருப்பாரா? நிஜ சபாவிலும் நாட்டுப்பாட்டுக்கு இடம் உண்டு. தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்த பிறகு துக்கடா வரிசையில். அருணா சாய்ராம் 'மாடு மேய்க்கும் கண்ணே'யை அந்த இடத்தில் வைத்துப் பாடிப் பாடி, அதற்காகவே ஜனங்களைக் கடைசிவரை உட்கார வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கினார்கள். சாஸ்திரிய இசையும் குப்பத்துக்குப் பழகிய கலைகளும் ஒரே மணலில். நல்ல காரியம். துக்கடா என்ற வரிசை மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு தற்செயல். 'அன்னக்கிளி'யில் அந்தப் பாட்டுக்கு இலக்கான ஆண் சிவகுமார். 'சிந்து பைரவி'யின் வித்வானும் சிவகுமார். 1996இல் கஸ்தூரி ராஜா எடுத்த 'நாட்டுப்புறப் பாட்டு' படத்திலும் அவரே. இருபது வருஷம், மூன்று படம், ஒரே முகம், ஒரே இசையமைப்பாளர். தமிழ் சினிமாவில் நாட்டுப்பாட்டைக் கேட்பதற்கென்று நியமிக்கப்பட்ட காது ஒன்று உண்டென்றால் அது சிவகுமாருடையது.

மூன்றாவது படத்தில்தான் 'ஒத்த ரூபா தாரேன்' வருகிறது. நான் மேலே சொன்ன பழைய பேரத்தின் வார்ப்பு அப்படியே: அவன் தருகிறேன் என்கிறான், அவள் மசிய மாட்டேன் என்கிறாள். களத்துமேட்டில் நூறு விதமாகப் பாடப்பட்ட பேரம், இங்கே இசைக்குழுவோடு பெயர் பெற்று நிற்கிறது. 2025 ஏப்ரலில் அஜித் நடித்த 'குட் பேட் அக்லி' வந்தபோது அந்தப் பாட்டை அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள். கூடவே 'இளமை இதோ இதோ'வும் 'என் ஜோடி மஞ்சக் குருவி'யும். தியேட்டரில் விசில் பறந்தது. இளையராஜா தரப்பிலிருந்து 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கினோம் என்றது தயாரிப்பு நிறுவனம். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டுகளுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது.

கம்பெனி யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்க உரிமை இருந்தது என்பதெல்லாம் வக்கீல்கள் பாடு. நான் கவனித்தது தெருவில் கேட்ட பேச்சை. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜாவின் நோட்டீஸ் போனபோதும் இதே பேச்சுதான். தி. நகர் டீக்கடையிலும் மயிலாப்பூர் மெஸ்ஸிலும் படித்தவர்கள் கூடுகிற இலக்கியக் கூட்டத்திலும் ஒரே குரல்: பாட்டு எல்லாருக்கும் பொது, அதிலும் அவர் போட்டது பாதி கிராமத்து மெட்டு, அது இவர் அப்பன் வீட்டுச் சொத்தா?

சொத்துதான். அதை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கோவர் எழுதியபோது பாட்டு பொது என்று யாரும் சொல்லவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டியபோதும், சினிமாவில் அதற்கு முன் பல மேதைகள் தெம்மாங்கை எடுத்துத் தங்கள் பெயரில் வைத்தபோதும் சொல்லவில்லை. அவர்களெல்லாம் வெளியிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு போனவர்கள். அந்தப் பாட்டு பாடப்பட்ட வீட்டிலேயே பிறந்து, தாய் சின்னத்தாயின் தொண்டையிலிருந்து அதை வாங்கி, பட்டணத்துக்கு வந்து புள்ளி வைக்கவும் படித்து, அதன் கீழே கையெழுத்துப் போட்ட முதல் பெரிய ஆள் இவர். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்குத் திடீரென்று பொதுவுடைமை ஞாபகம் வருகிறது. திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் திண்ணையைப் பெயர்த்து எடுத்துப் போய்க் கோடிக்கணக்கில் டிக்கெட் விற்கும் கொட்டகையில் பொருத்துவது உட்காருவது ஆகாது.

இதைச் சொல்வதால் நான் அவர் கட்சி என்று எண்ண வேண்டாம். எழுத்தில் வைத்த மெட்டுக்கும் வாத்திய அடுக்குக்கும் அவர் சொந்தக்காரர். அதற்குக் கீழே கிடக்கும் பேரத்துக்கு, அவன் நீட்டும் ரூபாய்க்கும் அவள் சொல்லும் மறுப்புக்கும், அவர் வாரிசுகளில் ஒருவர். ஒருவர் மட்டுமே. நாளைக்கு ஒரு கரகாட்டக்காரி அதே பேரத்தை வேறு மெட்டில் வைத்துப் பாடினால் அவளுக்கும் அதே பங்கு. நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர்கள் இசையமைப்பாளர், ஒலிநாடாக் கம்பெனி, தயாரிப்பாளர் என்று மூன்று வகை. நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு, நா. வானமாமலையின் புத்தகத்தில் வட்டாரம் என்று மட்டும் அச்சான கூட்டம். அவர்களைச் சேர்க்க எந்த மனுவிலும் பத்தி இல்லை. ராயல்டி வசூலிக்கும் சங்கங்களுக்கு உறுப்பினர் எண் வேண்டும். களையெடுத்தவளுக்கு எண் கிடையாது. இளையராஜா ஜெயித்தால் அவள் ஜெயித்ததாக ஆகாது; அவர் தோற்றால் மட்டும் அவளும் சேர்ந்து தோற்பாள். அவள் பக்கத்திலிருந்து ஒருவராவது கையெழுத்துப் போட முடிந்தது என்ற கணக்கும் அழிந்துவிடும்.

சட்டத்தில் ஒரு விநோதமான ஓட்டை இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மதச் சடங்குகளில் பாட்டைப் பயன்படுத்தினால் உரிமை மீறல் ஆகாது என்கிறது. மதச் சடங்கு என்றால் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் சேர்த்துத்தான் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. ஓட்டல்காரர்களும் வசூல் சங்கங்களும் இதை வைத்து அடித்துக்கொண்டதில், 2023இல் மத்திய அரசு மறுபடியும் அறிக்கை விட்டுக் கல்யாணத்துக்குப் பணம் கேட்கக்கூடாது என்று நினைவூட்டியது. கோடிக்கணக்கில் வழக்கு நடந்த ஒரு காதல் பாட்டை, கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓசியில் பாடலாம்.

ஆகவே முகூர்த்த நாட்களில் மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் ரிசப்ஷன் மேடைகளில் மெல்லிசைக்காரர்கள் தைரியமாகப் பாடுகிறார்கள். கீபோர்டில் தபலாவும் புல்லாங்குழலும் வருகின்றன. போன வைகாசியில் அப்படி ஒரு மண்டபத்தில் 'மச்சானைப் பாத்தீங்களா' பாடிய பெண்ணுக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. செல்போனைத் தேடுவதற்குள் முன்வரிசையிலிருந்த பெண்களில் ஒருத்தி அடியை எடுத்துக் கொடுத்தாள், அடுத்தவள் அது அப்படியில்லை என்றாள், மூன்றாமவள் எங்க பக்கத்துல இதுக்கு வேற சொல்லுவோம் என்று பாடியே காட்டிவிட்டாள். கீபோர்டுக்காரர் பொறுமையிழந்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் சாப்பாட்டுப் பந்தியிலும் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.